அட்மிரல் லெதர்பிக்கு ஓர் அறிமுகவுரை

அந்தச் சனிக்கிழமை விடிந்ததிலிருந்தே மணியத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலில் சுடுதண்ணீரை ஊற்றிக்கொண்டவர் போல, ஒக்லாந்தின் பாபடோயிட்டோய் வாடகை வீட்டின் குசினிக்கும் வாசலுக்கும் இடையில் நடந்துகொண்டே இருந்தார். கையில் அறிமுகவுரை எழுதிய இரண்டு தாள்கள். ஒன்று தமிழ், மற்றது ஆங்கிலம். நடந்தபடியே வாசித்தார், வாசித்தபடியே திருத்தினார், திருத்தியதை வெட்டிவிட்டுப் பழையதையே மறுபடி எழுதினார்.

"இஞ்சருங்கோ, ஒரு இடத்திலை இருந்து அந்தத் தேத்தண்ணியைக் குடியுங்கோவன். பாக்கிற எனக்குத் தலை சுத்துது," என்றாள் மனைவி திலகா.

"எப்பிடியப்பா இருக்கிறது? இண்டைக்குப் பிழைச்சுதெண்டால் எல்லாம் பிழைச்சுது."

மணியம் வாயைத் திறந்தால் ஒன்று மூன்றாகும். அது ஒக்லாந்துத் தமிழர் அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் அன்றைக்கு அவர் பயந்ததில் மிகை எதுவும் இல்லை.

கொழும்பில், வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றின் அறையில் அவருடைய கடைசித் தம்பி கவிநேசன் இருந்தான். இருபத்தொன்பது வயது. போன வருடம் ஒரு சுற்றிவளைப்பில் பொலிஸார் பிடித்துக்கொண்டு போய், நாற்பத்தொரு நாள் வைத்திருந்துதான் வெளியே விட்டார்கள். விட்ட பிறகு, எப்போது மறுபடி வருவார்களோ என்று ஒவ்வொரு வாகனச் சத்தத்துக்கும் எழும்பி நிற்கிற சீவியம். மணியம் அவனை நியூசிலாந்துக்கு எடுக்க விண்ணப்பம் போட்டார். ஒருமுறை மறுத்தாயிற்று. இனி மந்திரிக்கு ஒரு மேன்முறையீடு, அதோடு கதை முடிந்தது. திங்கட்கிழமை பின்னேரத்துக்குள் தாள்கள் தலைநகர் வெலிங்டன் போய்ச் சேர வேண்டும். "பெரிய மனிதர் யாராவது ஒரு கடிதம் தந்தால் மந்திரி கொஞ்சம் நின்று படிப்பார்," என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

பெரிய மனிதருக்கு மணியம் எங்கே போவார்? விமான நிலையத்தில் சரக்குப் பெட்டி ஏற்றி இறக்குகிற மனிதர். ஆனால் திலகாவுக்கு ஒருவரைத் தெரியும். வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பராமரிக்கிற வேலை அவளுக்கு. வாரம் மூன்று நாள் அவள் போகிற ஹில்ஸ்பரோ வீட்டில், எண்பத்தாறு வயதில் தனியாக இருந்தவர் ரியர் அட்மிரல் ராஃப் லெதர்பி.

லெதர்பி லேசுப்பட்ட ஆள் இல்லை. இங்கிலாந்தின் கோர்ன்வோலில் ஒரு பாதிரியாரின் மகன். பதின்மூன்று வயதில் கடற்படைப் பள்ளிக்குப் போனவர். 1943இல் ஹாலிடன் என்ற நாசகாரிக் கப்பலுக்கு அவர்தான் கப்டன். வங்காள விரிகுடாவில் டோர்பிடோ அடித்து அதன் முன்பக்கம் பிய்ந்து போனது. முன்னால் ஓட்டினால் தண்ணீர் உள்ளே வரும் என்று கப்பலைப் பின்பக்கமாகவே ஓட்டினார். மூன்று பகல், மூன்று இரவு, முந்நூறு மைல். அப்படியே திருகோணமலைத் துறைமுகத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். லண்டன் பத்திரிகைகள் 'பின்னால் வந்த லெதர்பி' என்று பெயர் வைத்துக் கொண்டாடின. அரசர் கையால் பதக்கம், பிறகு பெரிய பெரிய கப்பல்கள், கடைசியில் அட்மிரல் பட்டம். ஒக்லாந்துப் பெண்ணைக் கல்யாணம் கட்டியதால் ஓய்வுபெற்று இங்கே வந்தார். அந்த அம்மாள் ஒட்டி வைத்திருந்த பத்திரிகைத் துண்டு ஆல்பம் ஒன்று வீட்டில் இருந்தது.

திலகாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. மணியம்தான் கொண்டுபோய் விடுவார். காருக்குள் அவர் ஸ்டியரிங்கில் தாளம் போடுவதையும், இறங்கி வீதியில் நடப்பதையும், மறுபடி ஏறுவதையும் ஜன்னலால் பார்த்த கிழவர் ஒருநாள் உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார். அப்படித் தொடங்கிய பழக்கம் இரண்டு வருடம் ஆகிவிட்டது. தம்பியின் கதையைக் கேட்டதும், "தாள்களை விட்டுவிட்டுப் போங்கள். வாசித்துவிட்டு எழுதுகிறேன்," என்றார். வாசித்தார் என்றால் அப்படி ஒரு வாசிப்பு. ஒவ்வொரு வரிக்கும் கீழே ரூலரை வைத்து, ஒரு வாரம்.

அந்த ஒரு வாரமும் மணியம் கிழவரின் டெலிபோனுக்குப் பயந்துகொண்டிருந்தார். காரணம் அந்தத் தாள்களில் இருந்த ஒரு எண்.

மணியம் கொடுத்த சத்தியக் கடதாசியில் கவிநேசனை மூன்று தடவை பிடித்ததாக இருந்தது. யோசனை சொன்னவர் தமிழ்ச் சங்கத் தலைவர் மகேசன். "ஐசே, ஒருக்காப் பிடிச்சவங்கள் எண்டு எழுதினால் வெலிங்டனிலை ஒருத்தனும் திரும்பிப் பாக்கமாட்டான். கொழும்பிலை ஒருக்காப் பிடிபடாத பெடியன் ஆர்? மூண்டெண்டு போடும்." மணியம் போட்டார். சத்தியமும் பண்ணினார். கவிநேசனிடம் டெலிபோனில் சொன்னபோது, "சரி அண்ணை," என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

கிழவரின் மனதை நன்றாகக் குளிரவைத்துவிட வேண்டும் என்பது மணியத்தின் திட்டம். மணியம்தானே சங்கத்தின் செயலாளர்! பொங்கல் விழாவுக்கு அட்மிரலைப் பிரதம விருந்தினராகக் கூப்பிட்டார். கிழவருக்கும் சந்தோஷம். "சனிக்கிழமை கடிதத்தைக் கோட்டுப் பையில் கொண்டுவருகிறேன்," என்று வாக்குக் கொடுத்தார்.

பிரதம விருந்தினர் என்றால் பொன்னாடை உண்டு, மாலை உண்டு, எல்லாவற்றுக்கும் முன்னால் அறிமுகவுரை உண்டு. அதில் மணியத்தை அடிக்க ஆள் கிடையாது. போன வருடம் ஒரு பல் வைத்தியரைத் 'தென் பசுபிக்கின் தன்னிகரற்ற பல் மேதை' ஆக்கிவிட்டவர் அவர். பல் வைத்தியரும் சிரித்தார், சபையும் சிரித்தது, எல்லோரும் வடை சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். தமிழ் மேடையில் அது பொய் இல்லை, மரியாதை. புகழ்ச்சி குறைந்தால்தான் குறை சொல்வார்கள்.

ஆங்கிலத் தாளை ரைப் செய்து கொடுத்தது மகள் விஷாலினி. பதினைந்து வயது, தமிழ் விளங்கும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். கிழவரிடம் இரவல் வாங்கிவந்த ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கப்பலில் செத்துப்போன பதினான்கு பேரைப் பற்றி அவள் கேட்டாள்:

"அப்பா, ஃபோர்ட்டீன் பீப்பிள் டைட் ஒன் தட் ஷிப். வை ஆர் யூ லீவிங் தெம் அவுட்?"

"பொங்கல் மேடையிலை செத்த வீட்டுக் கதை கதைக்கிறதே, பிள்ளை? நல்ல நாள் பெருநாளிலை!"

விஷாலினி தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள். ஆனால் குசினியில் இருந்து திலகா எட்டிப் பார்த்தாள். "அந்தக் கப்பல் கதையை விட்டிட்டு வேறை ஏதாவது சொல்லுங்கோவன். மத்தியானம் கண்ணயர்ந்தால் அந்தாள் ஆரோ ஆக்களின்ரை பேரெல்லாம் சொல்லிக் கூப்பிடுறார். நான் கேட்டிருக்கிறன்."

"கப்பல் இல்லாமல் என்ன அட்மிரல்? நீர் சும்மா இரும்."

மூன்று மணிக்கு விழா. பள்ளிக்கூட மண்டபத்தில் முந்நூறு பேர். வாசலில் கோலம், மேடையில் கரும்பு. கோட்டு, டை, மார்பில் பதக்கங்களோடு கைத்தடியை ஊன்றி அட்மிரல் வந்தபோது சனம் எழும்பி நின்றது. நாற்காலியில் உட்கார்ந்தவர் மணியத்தைப் பார்த்து, கோட்டின் இடது பக்கத்தை விரலால் தட்டிக் காட்டினார். கடிதம் இருக்கிறதாம். மணியத்துக்கு வாயெல்லாம் பல். அந்தச் சந்தோஷத்தில் தலைகால் தெரியாமல் மைக்கைப் பிடித்தார்.

முதலில் தமிழில் வெளுத்து வாங்கினார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. பிறகு, பாருங்கள், விருந்தினருக்கும் விளங்கட்டுமே என்று அதையே ஆங்கிலத்தில் வாசித்தார். அங்கேதான் மனிதர் மாட்டிக்கொண்டார். "உடைந்த கப்பலில் நூற்றெண்பது பேரையும், ஒரு உயிர்கூடச் சேதமில்லாமல், ஒரு கீறல்கூட விழாமல், எங்கள் திருகோணமலை மண்ணில் கொண்டுவந்து இறக்கிய கடல் வேந்தர் இவர்!" என்று முடித்தார். மகேசன் பொன்னாடையைப் போர்த்தினார். சரிகை போட்ட சிவப்புச் சால்வைக்குள் கிழவரின் முகம் செத்துப்போயிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. திலகா கவனித்தாள்.

அட்மிரல் எழுந்து மைக்குக்கு வர நேரம் எடுத்தது.

"உங்கள் செயலாளர் அன்பானவர்," என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். "பதினான்கு பேரை எனக்குத் திருப்பித் தந்துவிட்டார். என்னால் அவர்களை வைத்துக்கொள்ள முடியாது. அவர்கள் இறந்துவிட்டார்கள்."

பொன்னாடையைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டார்.

"கப்பலின் முன்பக்கம் தண்ணீர் ஏறியது. நடுக் கதவை மூடினால்தான் மற்றவர்கள் பிழைக்கலாம். மூடச் சொன்னது நான். அந்தப் பக்கம் பதினான்கு பேர் இருந்தார்கள். நாற்பது நிமிடம் கதவைத் தட்டினார்கள். பிறகு தட்டவில்லை."

அதன்பிறகு பெயர்களைச் சொன்னார். தாள் இல்லை, கண்ணாடி இல்லை. ஒவ்வொரு பெயரும், ஊரும், வயதும். பதின்மூன்று சொல்லி நின்றார்.

"பதினான்காவது ஆள் உங்களவர். மட்டக்களப்பில் இருந்து வந்த சமையல்காரர். நாங்கள் சாம் என்று கூப்பிட்டோம். அவருடைய உண்மையான பெயரை நான் ஒருநாளும் கேட்கவில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன்."

கைதட்டுவதா, எழும்பி நிற்பதா என்று சனத்துக்குத் தெரியவில்லை. மகேசன் அவசரமாகப் பரதநாட்டியத்துக்குக் கை காட்டினார். பாட்டு தொடங்கியது. அட்மிரல் திலகாவிடம் மெதுவாக, "என்னை வீட்டுக்குக் கொண்டுபோக முடியுமா?" என்று கேட்டார்.

மணியத்துக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. கார் மாங்கரே பாலத்தைத் தாண்டியது. கிழவர் முன் ஆசனத்தில். திலகா பின்னால், பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு. வெயில் சுள்ளென்று அடித்தது. மணியம் கியரை மாற்றினார், மாற்றத் தேவையில்லாத இடத்திலும் மாற்றினார்.

"கடிதம் பையில்தான் இருக்கிறது," என்றார் அட்மிரல். "மிஸ்டர் மணியத்தை இரண்டு வருடமாகத் தெரியும், அவர் சொல்வதை நான் நம்புகிறேன் என்று அதில் எழுதியிருக்கிறேன். காலையில் எழுதும்போது அது உண்மை."

"சேர், நான் உங்களை அவமதிக்கவில்லை. நல்ல நாளில் மேடையில் சாவைப் பற்றிப் பேசமாட்டோம். விருந்தினரைக் கொஞ்சம் உயர்த்திச் சொல்வோம். அது எங்கள் மரியாதை."

"விளங்குகிறது. கோபமில்லை." கிழவர் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார். "உங்கள் தம்பியின் தாள்களிலும் அந்த மரியாதை ஏதாவது இருக்கிறதா?"

பின்னால் இருந்து திலகாவின் குரல், தமிழில், பதறிக்கொண்டு வந்தது.

"இல்லையெண்டு சொல்லுங்கோ. கடவுளே, இல்லையெண்டு சொல்லிப்போட்டுக் கடிதத்தை வாங்குங்கோ! பெடியன்ரை உயிரப்பா!"

ஒரு சொல். 'இல்லை' என்றால் போதும். கடிதம் கைக்கு வரும், திங்கட்கிழமை வெலிங்டனுக்குப் போகும். மணியம் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தார். ஆனால் அந்தக் கிழவர் சற்று முன் என்ன செய்தார்? முந்நூறு பேர் கைதட்டினார்கள். பேசாமல் தலையாட்டிவிட்டு வடை சாப்பிட்டுவிட்டு வந்திருக்கலாம். ஒருத்தருக்கும் தெரிந்திராது. மணியத்துக்கு வெட்கம் வந்தது. உடம்பெல்லாம் கூசுகிற வெட்கம். ஹில்ஸ்பரோ ஏற்றத்தில் காரை ஓரமாக நிறுத்தினார்.

"மூன்று தடவை இல்லை, சேர். ஒரு தடவை."

"ஐயோ, முடிஞ்சுது," என்று திலகா முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"ஒரு தடவை," என்றார் அட்மிரல். "எத்தனை நாள்?"

"நாற்பத்தொன்று. அது உண்மை."

"என்ன நடந்தது?"

"தெரியாது. அவன் சொல்வதில்லை."

"கேட்டீர்களா?"

மணியம் யோசித்துப் பார்த்தார். எத்தனை தரம் பிடித்தார்கள், எந்தத் திகதி, எந்த ஸ்டேசன், பிடித்ததற்கு ரசீதுத் துண்டு தந்தார்களா, எல்லாம் கேட்டிருக்கிறார். அந்த நாற்பத்தொரு நாளும் என்ன நடந்தது என்று ஒருநாளும் கேட்கவில்லை. விண்ணப்பத்தில் அதற்கு இரண்டு வரி இடம்தான் இருந்தது. 'கடுமையாகத் துன்புறுத்தப்பட்டார்' என்று அவரே நிரப்பிவிட்டார்.

"இல்லை, சேர்."

அட்மிரல் கோட்டுப் பைக்குள் கைவிட்டு அந்த உறையை எடுத்தார். நாலாகக் கிழித்தார். திலகா அழத் தொடங்கிவிட்டாள். கிழவர் திரும்பி அவளைப் பார்த்து, "அழ வேண்டாம், வீட்டுக்கு வாருங்கள்," என்றார். "என்னிடம் தாள் நிறைய இருக்கிறது. ஆனால் நடந்தது என்னவென்று தெரியாமல் நான் எழுதமாட்டேன். கொழும்பில் இப்போது என்ன நேரம்?"

கொழும்பில் காலை ஒன்பதரை. அட்மிரலின் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் டெலிபோன். லொட்ஜ் மனேஜர் போய்க் கூட்டிவரும் வரை மணியம் வயரின் நீளத்துக்கு முன்னும் பின்னும் நடந்தார்.

"அண்ணை? கடிதம் கிடைச்சுதே?" என்றான் கவிநேசன்.

"கடிதம் கிடக்கட்டும். இஞ்சை பார், அந்தச் சத்தியக் கடதாசியை மாத்தப்போறன். திங்கட்கிழமை விடிய வக்கீலிட்டைப் போய், முதல் எழுதினது பிழையெண்டு சொல்லி, ஒருக்கா எண்டுதான் எழுதப்போறன். அதாலை கேஸ் தோத்தாலும் தோக்கும். உன்னட்டைச் சொல்லாமல் செய்யக்கூடாதெண்டு எடுத்தனான்."

லைன் அறுந்துவிட்டதோ என்று மணியம் "ஹலோ, ஹலோ" என்றார்.

"அப்ப ஒருக்காக் காணுமே, அண்ணை? ஒருக்காப் போதுமே?"

"என்னடா கேக்கிறாய்?"

"இல்லை, நான் ஒருக்கா எண்டு சொல்ல, நீங்கள் அது காணாது, மூண்டு வேணும் எண்டியள். இஞ்சை லொட்ஜிலை இருக்கிற பெடியள் நாலுதரம், அஞ்சுதரம் போய் வந்தவங்கள். அதோடை பாக்கேக்கை என்ரை கதை ஒரு கணக்கிலையும் இல்லையாக்கும் எண்டு நினைச்சன். அதாலைதான் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லேல்லை."

மணியம் பக்கத்தில் இருந்த கதிரையை இழுத்து உட்கார்ந்தார். கண்ணில் இருந்து தண்ணீர் தன்பாட்டில் ஓடியது; துடைக்கத் தோன்றவில்லை. ஆறு வயதில் அம்மை போட்டபோது வேப்பிலைப் படுக்கையில் கிடந்து, "நான் அழேல்லை அண்ணை," என்று சொன்ன பிள்ளை அவன். நாற்பத்தொரு நாளை ஒரு வருடமாகத் தனியாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறான், அது போதாது என்று தன் சொந்த அண்ணன் சொன்னதால்.

"காணும் ராசா," என்றார். "ஒருக்காவே கூடிப்போச்சு. என்ன நடந்ததெண்டு எனக்குச் சொல்லு. முதல் நாளிலையிருந்து சொல்லு. நான் ஒண்டும் கூட்டமாட்டன்."

"டெலிபோன் காசு ஏறுமெல்லே அண்ணை?"

"நீ சொல்லு."

அட்மிரல் ஒரு கட்டுத் தாளையும் பேனையையும் மேசையில் நகர்த்தி வைத்தார். கவிநேசன் சொல்லத் தொடங்கினான். மணியம் கேட்டுக் கேட்டு எழுதினார். மூன்றாம் நாளுக்கு வந்தபோது அவருக்குக் கை ஓடவில்லை. திலகா பேனையை வாங்கிக்கொண்டாள். டெலிபோனில் கேட்டதை அவர் வாயால் சொல்லச் சொல்ல, அவள் மீதியை எழுதினாள்.